கடன் சுமைக் குறைப்பு: நம்பத்தக்க திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடன் வாங்குவது தன்னளவில் தீமையன்று. விதைக்கும் காலத்தில் வாங்கிய பணத்தை அறுவடைக் காலத்தில் திருப்பித் தரும் உழவரும், நூல் வாங்கக் கடன் பெற்றுத் துணி விற்றதும் அடைக்கும் நெசவாளரும் கடனைக் கருவியாகப் பயன்படுத்துகின்றனர். வருவாயை ஈட்டித் தராத செலவுக்காகக் கடன் வாங்கப்படும்போதும், வட்டி வருவாயை விஞ்சும்போதும், மழை பொய்த்தோ நோய் தாக்கியோ தவணை தவறும்போதும் அக்கருவியே சுமையாக மாறுகிறது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்கும் நிலை ஏற்பட்டுவிட்டால், அக்குடும்பம் தன் முயற்சியால் மட்டும் மீள்வது அரிது. அந்நிலையில் அது ஏதேனும் ஒரு நிவாரணத் திட்டத்தை நாடுகிறது.

தேசிய மாதிரி ஆய்வின் 77ஆவது சுற்றின்படி, 2019ஆம் ஆண்டில் நம் நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் 35 சதவீதமும், நகர்ப்புறக் குடும்பங்களில் 22.4 சதவீதமும் கடன்பட்டிருந்தன. கிராமப்புறக் கடன் நிலுவையில் 66 சதவீதம் வங்கிகள், கூட்டுறவுகள் போன்ற நிறுவனங்களுக்கு உரியது. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு லேவாதேவிக்காரர், வணிகர், உறவினர் முதலியோருக்கு உரியது. இத்துணைக் குடும்பங்கள் கடனுக்கு ஆட்பட்டிருக்கும் நாட்டில், 'உங்கள் கடனைக் குறைத்துத் தருகிறோம்' என்று முன்வருவோரும் பலராக இருப்பது வியப்பன்று. அவர்களுள் உண்மையான உதவியளிப்போர் யார், துன்பத்தைத் தொழிலாக்குவோர் யார் என்று பிரித்தறிவது கடனாளிக்கு வாழ்வா தாழ்வா என்னும் பிரச்சினையாகும். தவறான திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் பணத்தோடு, சட்டம் அளிக்கும் கால அவகாசத்தையும் இழந்துவிடுகிறார்.

வரலாறு காட்டும் வழி

கடன் நிவாரணத்துக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1875ஆம் ஆண்டு மே மாதத்தில் புனே மாவட்டத்தைச் சேர்ந்த சூபே என்னும் ஊரில் உழவர்கள் லேவாதேவிக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அகமத்நகர் மாவட்டத்திற்கும் பரவிய அக்கிளர்ச்சியின் முதன்மையான இலக்கு கடன் பத்திரங்களும் கணக்குப் புத்தகங்களுமே. அவற்றைக் கைப்பற்றித் தீயிட்டனர். எழுத்தறியாத உழவர், தாம் கைநாட்டிட்ட பத்திரத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று அறியாதிருந்ததே அச்சினத்தின் வேர். இதன் விளைவாக 1879ஆம் ஆண்டு தக்காண உழவர் நிவாரணச் சட்டம் பிறந்தது. பத்திரத்தில் கண்ட தொகையை அப்படியே ஏற்காமல், கடன் தொடங்கிய நாளிலிருந்து கணக்கை ஆராயும் அதிகாரத்தை அச்சட்டம் நீதிமன்றங்களுக்கு வழங்கியது. கடனைக் குறைப்பதற்கு முன் கடன் எவ்வளவு என்று சரிபார்க்க வேண்டும் என்னும் கோட்பாடு அன்றே வகுக்கப்பட்டது.

1930களில் விளைபொருள்களின் விலை பெரிதும் வீழ்ந்தபோது பல மாகாணங்கள் சட்டங்கள் இயற்றின. மத்திய மாகாணம் 1933இல் கடன் சமரச வாரியங்களுக்கு வழி செய்தது. பஞ்சாப் 1934இலும், வங்காளம் 1935இலும் இதே நோக்கில் சட்டம் கொணர்ந்தன. 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் இன்னும் திட்டவட்டமானது. 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முற்பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் 1ஆம் நாள் வரை நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் அச்சட்டத்தால் நீங்கியது. அசலும் வட்டியுமாக, வாங்கிய அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியவருக்குக் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்னும் 'தாம்துபத்' என்ற தொன்மையான அறநெறியின் சாயலை இதில் காணலாம்.

குஜராத்தின் பாவ்நகர் சமஸ்தானம் மேற்கொண்ட முயற்சி தனிக் கவனத்திற்கு உரியது. திவான் சர் பிரபாசங்கர் பட்டணியின் வழிகாட்டலில், உழவர்கள் மீதிருந்த கடன்கள் ஊர் ஊராக விசாரிக்கப்பட்டன. கடன் கொடுத்தோர் கோரிய தொகை ஏறத்தாழ 86 லட்சம் ரூபாய். கணக்குகளை ஆராய்ந்து, உழவரின் திருப்பிச் செலுத்தும் ஆற்றலையும் மதிப்பிட்டு, ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய்க்கு அவை தீர்க்கப்பட்டன. இத்தொகையைச் சமஸ்தானமே கடன் கொடுத்தோருக்கு ரொக்கமாகச் செலுத்திவிட்டு, உழவர்களிடமிருந்து எளிய தவணைகளில் திரும்பப் பெற்றது. கடன் கொடுத்தவருக்கு உறுதியான ரொக்கமும், உழவருக்குத் தாங்கத்தக்க தவணையும் கிடைத்தன. இரு தரப்பினரும் ஏற்ற தீர்வாதலின் அது நிலைத்தது.

விடுதலைக்குப் பின்

1951-52இல் நடத்தப்பெற்று 1954இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவுகளின் பங்கு 3.1 சதவீதமே என்று காட்டியது. அதனால் நிவாரணம் என்பது பழைய கடனைக் குறைப்பதோடு முடியாமல், லேவாதேவிக்காரருக்கு மாற்றான நிறுவனங்களை உருவாக்குவதாகவும் விரிந்தது. 1975ஆம் ஆண்டின் 20 அம்சத் திட்டத்தையொட்டி நிலமற்ற தொழிலாளர், சிறு விவசாயிகள், கைவினைஞர் ஆகியோரிடம் கடன் வசூலிப்பது பல மாநிலங்களில் நிறுத்திவைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக உழைப்பை அடகு வைக்கும் கொடுமையைச் சட்டவிரோதமாக்கி, கொத்தடிமைக் கடன்களையும் நீக்கியது.

1990ஆம் ஆண்டில் மத்திய அரசு தகுதியுள்ள கடனாளி ஒருவருக்கு 10,000 ரூபாய் வரை நிவாரணம் அளிக்கும் திட்டத்தைச் செயற்படுத்தியது. 2008ஆம் ஆண்டின் விவசாயக் கடன் தள்ளுபடி மற்றும் நிவாரணத் திட்டம் அதனினும் மிகப் பெரியது. 2 ஹெக்டேர் வரை நிலமுடைய சிறு, குறு விவசாயிகளுக்குத் தகுதியுள்ள நிலுவை முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. ஏனையோர் 75 சதவீதத்தைச் செலுத்தினால் 25 சதவீதம் நிவாரணம் பெற்றனர். இதற்கு 50,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. ஆயினும் லேவாதேவிக்காரரிடம் மட்டும் கடன் பெற்றிருந்தவருக்கு இதனால் பயன் இல்லை.

இத்திட்டத்தைப் பற்றி இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2013இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, நிவாரணத் திட்டங்களை மதிப்பிடுவோர் அனைவரும் அறிய வேண்டியது. பயன் பெறாத கணக்குகளுள் சோதிக்கப்பட்ட 9,334இல் 1,257, அதாவது 13.46 சதவீதம், உண்மையில் தகுதியுடையவை. பயன் பெற்ற கணக்குகளுள் சோதிக்கப்பட்ட 80,299இல் 8.5 சதவீதம் தகுதியற்றவை. சோதிக்கப்பட்ட கணக்குகளுள் 34.28 சதவீதத்தில், கடன் தள்ளுபடிச் சான்றிதழ் விவசாயிக்கு வழங்கப்பட்டதற்கான ஒப்புகையோ சான்றோ இல்லை. அச்சான்றிதழே புதிய கடன் பெறுவதற்கு அடிப்படையாதலின், இது சிறு குறையன்று. அரசின் கருவூலத்திலிருந்து பணம் வெளியேறியும், விவசாயியின் கையில் அதற்கான ஆதாரம் இல்லாமற்போகலாம் என்பதை இது உணர்த்துகிறது.

நம்பகத்தன்மையின் ஐந்து அடையாளங்கள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து, நம்பத்தக்க கடன் குறைப்புத் திட்டத்துக்கு உரிய அடையாளங்களாக ஐந்தினைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, அதிகாரம். ஒரு கடனைக் குறைக்கவோ நீக்கவோ மூவரால் மட்டுமே இயலும்: கடன் கொடுத்தவர், நீதிமன்றம் அல்லது அதற்கு ஒப்பான அமைப்பு, சட்டம் இயற்றும் அரசு. இம்மூன்றில் எதுவும் இல்லாத இடைத்தரகர் எவ்வளவு உறுதி கூறினும் அவ்வுறுதிக்குச் சட்ட மதிப்பு இல்லை. எனவே கடனாளி முதலில் கேட்க வேண்டிய வினா, 'என் கடனைக் குறைக்க உங்களுக்கு அதிகாரம் அளித்தது யார்?' என்பதே.

இரண்டாவது, கணக்கு. அசல் எவ்வளவு, செலுத்திய வட்டி எவ்வளவு, அபராதக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியே காட்டாத திட்டம் ஏற்கத்தக்கதன்று. தவணை தவறியதற்கான அபராதத்தைக் கூடுதல் வட்டியாக விதிக்காமல் கட்டணமாக மட்டுமே விதிக்க வேண்டும் என்றும், அதை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி கணக்கிடக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. நிலுவைக் கணக்கைக் கேட்டுப் பெற்றாலே சில கடன்களின் அளவு தெளிவாகிவிடும்.

மூன்றாவது, கட்டணம். உண்மையான உதவி பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. வங்கியில் சமரசத் தீர்வுக்கு விண்ணப்பிக்கத் தரகர் தேவையில்லை. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடவும் கட்டணம் இல்லை. பணி தொடங்குமுன்னரே பெருந்தொகையைக் கோருவது ஐயத்திற்குரிய அடையாளமாகும்.

நான்காவது, எழுத்து. தீர்வுத் தொகை, செலுத்த வேண்டிய நாள், செலுத்தியபின் எஞ்சிய நிலுவை முழுவதும் நீங்கும் என்னும் உறுதி, ஜாமீன்தாரரின் விடுவிப்பு ஆகிய நான்கும் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதத்தில் இடம்பெற வேண்டும். வாய்மொழி உறுதி, அதனை அளித்த அலுவலர் இடம் மாறியவுடன் மறைந்துவிடும்.

ஐந்தாவது, எதிர்காலம். இன்றைய கடனைத் தீர்த்துவிட்டு நாளைக்குக் கடன் பெறும் வழியை அடைத்துவிடும் திட்டம் அரைகுறை நிவாரணமே. தீர்வுக்குப்பின் கடனாளி மீண்டும் லேவாதேவிக்காரரை நாடும்படி நேர்ந்தால் சுமை வேறு உருவில் திரும்பும்.

போலித் திட்டங்களின் இயல்பு

2023ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. கடன் தள்ளுபடி பெற்றுத் தருவதாகச் சில அமைப்புகள் விளம்பரம் செய்கின்றன. எந்த அதிகாரமும் இன்றிக் 'கடன் தள்ளுபடிச் சான்றிதழ்' அளிப்பதாகக் கூறி அதற்குச் சேவைக் கட்டணமோ சட்டக் கட்டணமோ வசூலிக்கின்றன. வங்கிகளுக்குத் தவணை செலுத்த வேண்டியதில்லை என்றும் மக்களைத் தவறாக வழிநடத்துகின்றன என்று அது சுட்டிக்காட்டியது. இத்தகையோரை நம்புவதால் நேரடியான பண இழப்பு ஏற்படும் என்றும், இவர்களைப் பற்றிக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. 2008ஆம் ஆண்டுத் திட்டத்தில் உண்மையான சான்றிதழ் பலருக்குச் சென்றடைந்ததற்குச் சான்றில்லை. இங்கோ மதிப்பற்ற சான்றிதழ் விலைக்கு விற்கப்படுகிறது.

வெளிப்படையான மோசடி அல்லாத, ஆயினும் பயனற்ற திட்டங்களும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவர் மீது 2,00,000 ரூபாய் கடன் உள்ளது; வட்டி மாதம் 2 சதவீதம் எனக் கொள்வோம். 'தவணையை நிறுத்துங்கள், கடனில் 25 சதவீதம் குறைத்துத் தருகிறோம், எங்கள் கட்டணம் 10 சதவீதம்' என்று ஒரு தரகர் கூறுகிறார். பேச்சு 10 மாதங்கள் நீடிக்கிறது. அதற்குள் தனி வட்டியாகவே 40,000 ரூபாய் சேர்ந்து நிலுவை 2,40,000 ஆகிறது. அதில் 25 சதவீதமான 60,000 ரூபாய் குறைந்து, செலுத்த வேண்டியது 1,80,000 ஆகிறது. தரகரின் கட்டணம் 20,000. ஆக மொத்தச் செலவு 2,00,000 ரூபாய். கடன் எங்குத் தொடங்கியதோ அங்கேயே நிற்கிறது. இடையில் அபராதக் கட்டணமும், வசூல் முகவர்களின் தொல்லையும், கடன் வரலாற்றில் கறையும் சேர்கின்றன. 25 சதவீதக் குறைப்பு என்னும் சொல் இனிக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் குறைப்பே இல்லை.

இதைப் போலவே, தவணையைக் குறைப்பதும் கடனைக் குறைப்பதும் ஒன்றல்ல. 1,00,000 ரூபாய் கடனை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 24 மாதங்களில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 4,707 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 12,976 ரூபாய். அதையே 60 மாதங்களுக்கு நீட்டித்தால் தவணை ஏறத்தாழ 2,224 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ 33,467 ரூபாயாக உயரும். மாத வருவாய் குன்றிய குடும்பத்திற்கு இந்நீட்டிப்பு தேவையாக இருக்கலாம். ஆயினும் அதன் விலையை அறிந்தே அதனை ஏற்க வேண்டும்.

இன்று உள்ள வழிகள்

கடனாளி நாடத்தக்க முறையான வழிகள் பல உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூழ்நிலைக்குப் பொருந்தும்.

வருவாய் தற்காலிகமாகத் தடைப்பட்டிருப்பின், கடன் கொடுத்த வங்கியிடமே மறுசீரமைப்புக் கோருவது சிறந்தது. தவணை தவறுவதற்கு முன்பே வங்கியை அணுகுபவருக்கு இதில் வாய்ப்பு மிகுதி. இயற்கைச் சீற்றத்தால் பயிர் அழிந்த பகுதிகளில் குறுகிய காலப் பயிர்க் கடனை நீண்ட தவணைக் கடனாக மாற்றும் நடைமுறை நெடுநாளாகவே வங்கித் துறையில் உள்ளது.

வருவாய் நிலையாகவே குன்றிவிட்டு, ஒரு தொகையைத் திரட்ட இயலுமெனில், சமரசத் தீர்வு பொருந்தும். 2023 ஜூன் 8ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் குழுவின் ஒப்புதல் பெற்ற கொள்கையின்படியே இதனைச் செய்ய வேண்டும். எனவே, 'மேலிடத்துச் செல்வாக்கினால் குறைத்துத் தருகிறேன்' என்று கூறும் தரகரின் பேச்சுக்கு இடமே இல்லை. சமரசத் தீர்வு பெற்றவருக்கு, விவசாயக் கடன் நீங்கலாக, குறைந்தது 12 மாதங்கள் கழிந்த பின்னரே அந்நிறுவனம் புதிய கடன் வழங்க இயலும். கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டிலும் அக்கணக்கு 'முழுவதும் செலுத்தி முடிக்கப்பட்டது' என்றிராமல், 'சமரசமாகத் தீர்க்கப்பட்டது' என்ற வகையிலேயே இடம்பெறும். வேறு வழி உள்ளவர் இதனை நாடாதிருப்பது நலம்.

வழக்கு தொடரப்பட்டிருப்பினும், தொடரப்படும் நிலையில் இருப்பினும், மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தை நாடலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி அமைந்த இம்மன்றத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு இங்குத் தீர்ந்தால் முன்னர்ச் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு இல்லை என்பதாலேயே, தம்மால் செலுத்தக்கூடிய தொகையை நன்கு கணக்கிட்ட பின்னரே கடனாளி உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டும். மகளிர், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர் முதலியோர் இச்சட்டத்தின்கீழ் இலவச சட்ட உதவிக்கு உரியவர்.

லேவாதேவிக் கடனில் சிக்கியவருக்குக் கடன் மாற்று முறை உதவும். நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். 10,000 ரூபாய் கடன் என்று கூறி 1,500ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 8,500ஐ மட்டும் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள்கள் வசூலிக்கும் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்திற்கும் மேற்படும். இத்தகைய கடனை வங்கிக் கடனால் அடைத்துவிட்டு, வங்கிக்குக் குறைந்த வட்டியில் தவணை செலுத்துவதே கடன் மாற்று. 2004 ஜூனில் அறிவிக்கப்பட்ட விவசாயக் கடன் திட்டத் தொகுப்பில் இதற்கு இடம் அளிக்கப்பட்டது. 1992இல் 500 குழுக்களைக் கொண்ட முன்னோடித் திட்டமாக நபார்டு வங்கி தொடங்கிய சுய உதவிக் குழு இணைப்பு முறையும் ஏழை மகளிரிடையே இதே பயனை விளைவித்துள்ளது. பாவ்நகர் சமஸ்தானத்தின் தத்துவமே இங்கு வேறு உருவில் செயற்படுகிறது எனலாம்.

சில மாநிலங்களில் தனி ஆணையங்களும் உள்ளன. விவசாயிகளின் தற்கொலைகளைத் தொடர்ந்து, 2006ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் கேரளம் அமைத்த விவசாயிகள் கடன் நிவாரண ஆணையம் இதற்கு எடுத்துக்காட்டு. விண்ணப்பத்தை விசாரித்து, இரு தரப்பினரையும் கேட்டு, நியாயமான கடன் தொகையை நிர்ணயிப்பது அதன் பணி. தனிநபர் நொடிப்பு பற்றி 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பிலும் விதிகள் உள. எனினும் 2019 டிசம்பரில் அவை நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் அளித்தோருக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொணரப்பட்டன. அச்சட்டத்தைச் சொல்லிச் சாதாரணக் கடனாளிகளிடம் கட்டணம் கேட்போரிடம் இதனை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

வழியைத் தெரிவு செய்தல்

எவ்வழியாயினும் கடனாளி முதலில் செய்ய வேண்டியது மூன்று பட்டியல்களை எழுதுவதாகும். முதற்பட்டியலில் கடன் ஒவ்வொன்றின் அசல், வட்டி விகிதம், பிணை, ஜாமீன்தாரர் ஆகியவை இடம்பெற வேண்டும். இரண்டாவதில் மாத வருவாயும் தவிர்க்கவியலாச் செலவும் இடம்பெற வேண்டும். இவ்விரண்டின் வேறுபாடே அக்குடும்பத்தின் உண்மையான திருப்பிச் செலுத்தும் ஆற்றல். மூன்றாவது, விற்றாலும் பிழைப்பைப் பாதிக்காத உடைமைகளின் பட்டியல். உழுமாட்டையும் தறியையும் விற்றுக் கடனைத் தீர்ப்பது கடனை ஒத்திவைப்பதே அன்றித் தீர்ப்பதாகாது.

நுண்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த நெறிமுறை இங்கு ஓர் அளவுகோலாகும். ஆண்டு வருவாய் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பம் கடன்கள் அனைத்திற்குமாகச் செலுத்தும் மாதத் தவணை, அதன் மாத வருவாயில் 50 சதவீதத்தை மிஞ்சக் கூடாது என்பது அந்நெறி. தீர்வுக்குப் பிறகும் தவணைச் சுமை இவ்வளவை மிஞ்சுமாயின், அத்தீர்வு நிலைக்காது.

நிவாரணத்தைக் கடன் கொடுப்போர் முற்றிலும் எதிர்க்கும் நிலை உருவானால் விளைவு எவ்வாறிருக்கும் என்பதற்கு 2010ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் ஏற்பட்ட நுண்கடன் நெருக்கடி ஒரு பாடம். கடுமையான வசூல் முறைகளைக் கட்டுப்படுத்த அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொணர்ந்தது. வசூல் கொடுமை தணிந்தது. ஆயினும் திருப்பிச் செலுத்துதல் சரிந்து, அத்துறையில் புதிய கடன் வழங்குவதும் அங்குப் பெரிதும் நின்றது. கொடுமையைத் தடுப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் மாற்றுக் கடனுக்கான ஏற்பாடும் உடன் செல்ல வேண்டும்.

தீர்வுக்குப்பின் பெற வேண்டியவை

கடன் தீர்ந்ததும் நிலுவையின்மைச் சான்றிதழைப் பெறுவது முதற்பணி. தனிநபர் கடன் முழுவதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் பிணையாகப் பெற்ற சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. சொத்தின்மீது பதிவான வில்லங்கமும் நீக்கப்பட்டதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். புரோநோட்டின் பேரில் வாங்கிய தனியார் கடனாயின், பணம் செலுத்தும் அதே வேளையில் புரோநோட்டைத் திரும்பப் பெற வேண்டும். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை வழங்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. அதனைப் பெற்று, தீர்ந்த கடன் நிலுவையாகவே காட்டப்பட்டிருப்பின் திருத்தம் கோர வேண்டும்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும் காலத்திலும் கடனாளியின் உரிமைகள் மறைவதில்லை. காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. அச்சுறுத்தவோ குடும்பத்தினரை இழிவுபடுத்தவோ கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்திடமும், 30 நாள்களுக்குள் உரிய தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

அலுவலரின் பொறுப்பு

நம்பத்தக்க திட்டம் இருந்தும் அதனைப் பற்றி அறியாத கடனாளி, போலித் திட்டத்தின் வாயிலிலேயே நிற்பார். ஆகவே வட்டார வளர்ச்சி அலுவலர், கூட்டுறவுச் சார்பதிவாளர், வங்கிக் கிளை மேலாளர் ஆகியோரின் பங்கு இன்றியமையாதது. அரசோ வங்கியோ ஒரு நிவாரணத்தை அறிவிக்கும்போது, தகுதியுடையோர் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதும், விடுபட்டோர் முறையிடக் கால அவகாசம் தருவதும், சான்றிதழை ஒப்புகை பெற்று நேரில் வழங்குவதும் 2013ஆம் ஆண்டின் தணிக்கை அறிக்கை சுட்டிய குறைகளைப் பெரிதும் நீக்கும். வங்கிகளின் நிதிக் கல்வி மையங்கள் சேமிப்பைப் பற்றி அறிவுரை கூறுவதோடு அமையாமல், நிலுவைக் கணக்கைப் படித்துக் காட்டும் பணியையும் மேற்கொள்ள வேண்டும். பொருளியல் பயிலும் மாணவர்கள் தம் ஊரில் நிலவும் கடன்களின் உண்மையான வட்டி விகிதத்தைக் கணக்கிட்டு மக்களுக்கு விளக்குவதும் சிறந்த தொண்டாகும்.

1875இல் தக்காணத்து உழவர் கணக்குப் புத்தகத்தை எரித்தனர். அதனை அவர்களால் படிக்க இயலவில்லை. இன்றைய கடனாளிக்குக் கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமையும், அதனை எதிர்த்து முறையிடும் மன்றமும் உள்ளன. கடனைக் குறைக்கும் அதிகாரம் யாருக்கு உள்ளது, குறைப்பு எவ்வளவு, அதற்கான செலவு என்ன, எழுத்தில் என்ன உள்ளது, நாளைய கடனுக்கு வழி என்ன என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடையளிக்கும் திட்டத்தையே அவர் ஏற்க வேண்டும். அவ்விடைகளைப் பெற அவருக்குத் துணை நிற்பது நம் நிர்வாகத்தின் கடமையாகும்.